அண்ணாச்சி, அந்தக் களிம்பை எடுத்துக் கொடுக்காதீர்கள்

தூத்துக்குடி மாவட்டத்தில் வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை கடலோர ஊர்களில் மருந்துக் கடை நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும், அந்தக் கடைகளில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கும் தம்பி தங்கையருக்கும்,

இந்த மடல் முகப்பருவைப் பற்றியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் காய்ச்சலுக்கும் ஆட்கள் வரிசையில் நிற்கும் கடையில் பருவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் நம் ஊரில் பருவுக்கு முதல் வைத்தியர் நீங்கள்தான். பதினைந்து வயதுப் பிள்ளை பருவுக்காக டாக்டரிடம் போவதில்லை. அம்மாவிடம் சொன்னால், "வயசு அப்படி, தானா போயிரும்" என்பார்கள். அப்பாவிடம் சொல்லக் கூச்சம். டியூஷன் விட்டு வரும் வழியில் உங்கள் கடை முன்னால் சைக்கிளை நிறுத்தி, கூட்டம் குறையும்வரை காத்திருந்து, "அண்ணாச்சி, பருவுக்கு ஏதாச்சும் க்ரீம் இருந்தா குடுங்க" என்று மெல்லக் கேட்கும். அந்த நேரத்தில் உங்கள் கை எந்தத் தட்டுக்குப் போகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அந்த முகம் அடுத்த சில வருடங்களுக்கு இருக்கும்.

அந்தக் கை ஸ்டீராய்டு களிம்புக்குப் போக வேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நான் இந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். நாள் முழுக்க நான் பார்ப்பது அவர்களுடைய முகங்களைத்தான்.

எந்தக் களிம்பைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ட்யூபின் மேல் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் சின்ன எழுத்தில், பீட்டாமெத்தசோன் வேலரேட் என்றோ க்ளோபீட்டசால் புரோப்பியோனேட் என்றோ மொமெட்டசோன் ஃப்யூரோவேட் என்றோ அச்சிட்டிருக்கும். சிலவற்றில் இதோடு ஒரு ஆன்டிபயாடிக்கும் ஒரு பூஞ்சை மருந்தும் சேர்ந்திருக்கும். படர்தாமரைக்கு என்று கேட்டு வாங்கிப்போவது இந்தக் கலவையைத்தான். இன்னும் சிலவற்றில் ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் ஸ்டீராய்டோடு கலந்திருக்கும். அது கன்னத்தில் விழும் மங்குக்காகத் தோல் மருத்துவர்கள் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக்கொடுப்பது. நம் கடைகளில் அதையே வெள்ளையாக்கும் க்ரீம் என்று கேட்டு வாங்குகிறார்கள். இந்த ட்யூப்களின் அட்டையில் ஆர்எக்ஸ் குறி இருக்கும். பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கும். வாங்கிப்போகும் பிள்ளைக்கு அதன் பொருள் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் அது பெரிய வரம். 1950-களில் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு வந்த பிறகுதான், அரிப்பு தாங்காமல் தோலைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொண்டு கிடந்தவர்கள் ராத்திரி தூங்கினார்கள். சிக்கல் அதைப் பருவுக்குப் பூசும்போது வருகிறது. பூசிய இரண்டு மூன்று நாளில் சிவப்பு அடங்கும், வீக்கம் வற்றும், முகம் கொஞ்சம் வெளுத்தும் தெரியும். ஸ்டீராய்டு தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, உடம்பின் எதிர்ப்பு வேலையை அமுக்கி வைப்பதால் வரும் மாற்றம் இது. பரு உண்டான காரணம் அப்படியே உள்ளே இருக்கும். நாலைந்து வாரம் தொடர்ந்து பூசினால் தோல் மெலியத் தொடங்கும். கன்னத்தில் சிவப்பு நூலிழைகளாக ரத்தக்குழாய் தெரியும். பெண்பிள்ளைகளுக்குக் கன்னத்திலும் தாடையிலும் பூனைமுடி அடர்ந்து வளரும். ஒரே அளவில், ஒரே மாதிரி, பொடிப்பொடியாகப் புதுப் பருக்கள் கிளம்பும். அது ஸ்டீராய்டே கொண்டுவரும் பரு. பயந்துபோய் நிறுத்தினால் முகம் தீயாய் எரியும், சிவக்கும், பழைய பரு இரண்டு மடங்காகத் திரும்பும். திரும்பப் பூசினால் அடங்கும். அதனால் நிறுத்த முடியாமல் வருடக்கணக்கில் பூசிக்கொண்டே இருப்பார்கள். இந்த நிலைக்கு ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள். அந்த அளவுக்கு இது இங்கே பெருகியிருக்கிறது.

அப்படி ஒரு முகத்தை நான் பக்கத்தில் பார்த்தேன். பிளஸ் டூ படித்த பிள்ளை. அம்மா முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்ப்பவர். மதிய வெயிலில் மைதானத்தைத் தாண்டி வந்தவள், வராந்தாவில் நின்று இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். "எரியுது டீச்சர்" என்றாள். கையை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். கன்னத் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, அடியில் ஓடும் ரத்தக்குழாய்கள் கிளைகிளையாகத் தெரிந்தன. நெற்றியிலும் தாடையிலும் பரு. பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். சித்தி எழுதிக்கொடுத்த களிம்பின் பெயர் அதில் இருந்தது. மடித்து மடித்து எழுத்தே அழியப் பார்த்தது. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் ஒன்றரை வருடமாக ட்யூபுக்கு மேல் ட்யூப் வாங்கியிருக்கிறாள். "இது எதுக்குமா?" என்று ஒருவர்கூட அவளிடம் கேட்கவில்லை.

இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. இந்தியா முழுவதும் 12 மையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் இந்தியத் தோல் மருத்துவர்களின் சஞ்சிகையில் வெளியானது. முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்ததில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 126 பேர் அதை நிறம் கூட்டும் க்ரீமாகவோ பொதுக் க்ரீமாகவோ சவரத்துக்குப் பின் பூசுவதாகவோ பூசினார்கள். 104 பேர் பருவுக்குப் பூசினார்கள். 257 பேருக்கு அந்தக் களிம்பைச் சொன்னவர் மருத்துவரே அல்லாதவர். தோழி, சொந்தக்காரர், பியூட்டி பார்லர், மருந்துக் கடை என்று அந்த வழிகள் நமக்குத் தெரிந்தவைதான். அவர்களுக்கு வந்த பக்கவிளைவுகளில் முதல் இடத்தில் இருந்ததும் பருதான்.

தோல் மருத்துவர்களின் சங்கம் பல வருடம் போராடிய பிறகு சட்டமும் மாறியது. முன்பு மேலே பூசும் ஸ்டீராய்டு களிம்புகளுக்கு, சீட்டின்பேரில் மட்டும் விற்க வேண்டிய மருந்துகளுக்கான அட்டவணை எச் விதியில் ஒரு விலக்கு இருந்தது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, 14 ஸ்டீராய்டு களிம்புகளுக்கு அந்த விலக்கை எடுத்துவிட்டது. அவற்றைச் சீட்டில்லாமல் விற்பது இப்போது சட்டப்படி குற்றம். 2015-இல் இந்திய மருந்தியல் கவுன்சில் கொண்டுவந்த ஒழுங்குமுறைகள் இன்னொன்றும் சொல்கின்றன. மருந்தை எப்படிப் பயன்படுத்துவது, எதில் கவனமாக இருப்பது என்று வாங்க வருபவருக்கு எடுத்துச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்கின்றன. நீங்கள் படித்து வாங்கி, கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தச் சான்றிதழுக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியும். "நான் கொடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்கிட்டுப் போயிருவாங்க டீச்சர்" என்று ஓர் அண்ணாச்சி என்னிடமே சொன்னார். உண்மைதான். ஜூலை 26-இல் பனிமய மாதா கோவிலில் கொடியேறிவிட்டால் ஆகஸ்ட் 5 திருவிழாவுக்குள் முகம் பளிச்சென்று ஆக வேண்டும் என்று வந்து நிற்பார்கள். கல்யாண வீடு, கல்லூரி ஆண்டுவிழா, பெண் பார்க்க வரும் நாள் என்று எல்லோருக்கும் ஓர் அவசரம். மூன்று நாளில் அடக்கும் ட்யூப் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, மூன்று மாதம் பொறு என்று சொல்ல மனவலிமை வேண்டும். அந்த மூன்று மாதக் கணக்கு ஏன் என்று தெரிந்தால் சொல்வது கொஞ்சம் எளிதாகும்.

பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடுகின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் இது பொது. அவை முடிக்கால்களை ஒட்டியுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிடும். துவாரத்தின் உட்சுவரில் உதிரும் செல்கள் இந்த எண்ணெயோடு ஒட்டி வாயை அடைக்கும். அடைப்பு மூடியிருந்தால் வெள்ளைப்புள்ளி, திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு அழுக்கு கிடையாது. காற்றுப் பட்ட எண்ணெயும் தோலின் நிறமியும்தான். தோலில் எப்போதும் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா, அடைபட்ட எண்ணெயில் பெருகும். உடம்பு அதை எதிர்க்க, சிவந்து வீங்கிச் சீழ் கட்டும். அடைப்பு தொடங்கி அது பருவாக வெளியே தெரிவதற்குப் பல வாரம் ஆகும். இன்று கண்ணில் படும் பரு போன மாதமே உள்ளே தொடங்கிவிட்டது. அதனால்தான் எந்த நல்ல மருந்தும் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் எடுத்துக்கொள்கிறது. இதை மட்டும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டால், பாதிப் பேர் பத்தாம் நாள் மருந்தைத் தூக்கிப்போட மாட்டார்கள்.

பரு அழுக்கினால் வருவதில்லை என்பதால் தேய்த்துக் கழுவியும் போகாது. காலையும் மாலையும் மென்மையான முகக் கழுவியால் கழுவினால் போதும். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக்கரிக்கும் நம் கடலோர ஊர்களில் சோப்பு நுரைக்காமல் தோலில் படிந்து நிற்கும். முகத்துக்கு மட்டுமாவது தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஸ்க்ரப் வைத்துத் தேய்ப்பதும், நாளுக்கு ஐந்தாறு தடவை கழுவுவதும் பருவைக் கிளறிவிடும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வழிய வைத்து வாரினால், அது நெற்றிக்கு இறங்கி முடியோரத்தில் பொடிப்பொடியாகப் பரு வரும். எண்ணெய் வைக்க வேண்டுமென்றால் குளிப்பதற்கு முன்னால் வைத்து அலசிவிடலாம். "துவாரத்தை அடைக்காதது" என்று அட்டையில் போட்டிருக்கும் ஜெல் வகை மாய்ஸ்சரைசர் எண்ணெய் வடியும் முகத்துக்கும் வேண்டும். தோல் வறண்டால் மருந்தின் எரிச்சல் கூடும்.

சாப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நண்டும் கருவாடும் சூடு, அதனால்தான் பரு என்று நம் வீடுகளில் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. மீன் சாப்பிடும் பிள்ளையை மிரட்ட வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவு பருவைக் கூட்டலாம் என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. குளிர்பானம், மைதா, இனிப்பு எல்லாம் இதில் சேரும். நம் ஊர் மக்ரூனும் சேரும். ஒன்றிரண்டு தின்றதால் பரு வராது. தினமும் ஒரு பொட்டலம் என்றால் குறைக்கச் சொல்லலாம். உணவை மட்டும் மாற்றிப் பருவைத் தீர்த்துவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் கடலோரத்து வைத்தியங்களும் இருக்கின்றன. சங்கைக் கல்லில் உரைத்துப் பருவின்மேல் தடவுவது பாட்டிமார் பழக்கம். மன்னார் வளைகுடாச் சங்கும் முத்தும் வேதியியலில் பெரும்பாலும் ஒன்றே, கால்சியம் கார்பனேட். உரைத்த சங்கு ஈரத்தை உறிஞ்சி, தடவிய இடத்தைக் கொஞ்ச நேரம் குளிர்த்திவைக்கும். முடிக்காலின் அடைப்பைத் திறக்க அதனால் ஆகாது. சுத்தமாக உரைத்தால் பெரிய தீங்கும் இல்லை. முத்து ஃபேஷியல், முத்துப்பொடிக் க்ரீம் என்று விலை வைத்து விற்பவையும் பருவைப் பொறுத்தவரை அவ்வளவுதான். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. முத்தால் ஊருக்குக் கிடைத்த பெருமை அந்தக் கடலோடிகளுக்கும் அறிவியலாளர்களுக்கும் உரியது. ஊர்ப் பெருமையை நம்பி ஒரு பிள்ளை பருவுக்கு முத்துக் க்ரீம் கேட்டால், அந்தக் காசை மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் வேறு வகை. இரண்டும் தோலைப் பொசுக்கும். பொசுக்கிய இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். அவை வேண்டவே வேண்டாம்.

துறைமுக ஊர் என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கொண்டுவந்தது என்று கைமாறும், அட்டையில் தயாரிப்பாளர் முகவரியோ கலவை விவரமோ இல்லாத வெள்ளையாக்கும் க்ரீம்கள் உலவுகின்றன. இப்படிப்பட்டவற்றில் பாதரசம் இருக்கலாம். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் ஓர் அரிய வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்கள். முகத்துக்குப் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றிருக்கிறது. கலவை விவரம் இல்லாத எந்தக் க்ரீமும் உங்கள் கடை வழியாகப் போக வேண்டாம்.

அப்படியானால் பருவோடு வந்து நிற்கும் பிள்ளைக்கு என்னதான் கொடுப்பது? நாலைந்து பரு, கொஞ்சம் கரும்புள்ளி என்றால் சாலிசிலிக் அமிலம் கலந்த முகக் கழுவியும் எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசரும் கொடுத்து, கிள்ளாதே என்று சொல்லி அனுப்பலாம். பரு போன பின் நிற்கும் கறுப்புத் தழும்புக்கும் குழிக்கும் பெரும்பகுதி காரணம் கிள்ளுவதும் பிதுக்குவதும்தான். நம் மாநிறத் தோலில் அந்தக் கறுப்பு மறையப் பல மாதம் ஆகும், குழி தானாக மறையாது. அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே பார்ப்பதற்குக் காசு வேண்டாம். பருவுக்காக அங்கே போகலாம் என்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. "பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டரைப் பாரு தாயி" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு, நான் வகுப்பில் சொல்வதைவிட மதிப்பு கூடுதல்.

சீட்டோடு திரும்பி வரும்போது மறுபடியும் உங்கள் உதவி தேவைப்படும். டாக்டர் எழுதியதை எப்படிப் பூசுவது என்று சொல்ல அங்கே நேரம் கிடைத்திருக்காது. பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே போதும், கூடுதல் சதவீதத்தில் எரிச்சல்தான் கூடும். அது பட்டால் தலையணை உறையும் யூனிஃபார்மும் வெளுத்துப்போகும் என்று சொல்லிக் கொடுங்கள். அடாபலீன் ஜெல்லை ராத்திரியில், கழுவித் துடைத்துக் காய்ந்த முகத்தில், பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுவதும் பூச வேண்டும். பருவின்மேல் மட்டும் பொட்டு வைப்பதில் பயன் இல்லை. முதல் சில வாரம் தோல் உரியும், பரு கூடியதுபோலவும் தெரியும். அதற்குப் பயந்து நிறுத்தாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் பூசிப் பழகலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் அதைப் பூசக் கூடாது. க்ளிண்டாமைசின் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும். அதனால்தான் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து எழுதுகிறார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் கேட்டால் மற்றதை நினைவுபடுத்துங்கள்.

டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. படுத்தால் உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. பள்ளிகளில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். அந்த நாளில் இரண்டுக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி விடச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் சாப்பிடும்போது வெயில் பட்டால் தோல் சீக்கிரம் பொசுங்கும். லீவு நாளில் அம்மாவோடு அளத்துக்குப் போகும் பிள்ளையா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைப் பழைய சீட்டுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஆழமான, வலிக்கும் கட்டிப் பருவுக்கு அதைப்போல் வேலை செய்யும் மருந்து இல்லை. அதே மருந்து வயிற்றிலிருக்கும் குழந்தையைக் கடுமையாக ஊனப்படுத்தும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் கண்காணிப்பும் இல்லாமல் அதைத் தொடரவே கூடாது.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தை மாசிக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை வரும்வரை நம் உப்பளங்களில் வேலை நடக்கும். மேலேயிருந்து அடிக்கும் வெயில் போதாதென்று, பாத்தியில் விளைந்த வெள்ளை உப்பிலிருந்து திரும்பி அடிக்கும் வெளிச்சமும் முகத்தில்தான் விழும். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீரிலிருந்தும் அப்படியே. ஸ்டீராய்டு பூசி மெலிந்த தோலோடு அந்த வெளிச்சத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பருவின் தழும்பு கறுப்பதும் வெயிலால் கூடும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூசி, வெயிலில் நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். உப்பளக் கூலியில் அது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அகல விளிம்புத் தொப்பி, முகத்தை மூடும் பருத்தித் துணி, அந்தத் துணியைத் தினமும் துவைத்துக் காயப்போடுவது என்று காசில்லாத வழிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். வியர்வையும் உப்பும் ஊறிய துணியை மறுநாளும் கட்டினால் உராய்வே பருவைக் கிளப்பும்.

சில பேரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பருவோடு மாதவிலக்கு தள்ளிப்போகிறது, மீசை தாடி அரும்புகிறது என்றால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். பரு ஆழமாக, கட்டியாக, வலியோடு வந்தால் குழி விழுவதற்கு முன் பார்த்தாக வேண்டும். பள்ளிக்கே போக மாட்டேன் என்று அழும் பிள்ளை, போட்டோவுக்கு நிற்காத பிள்ளை, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டே இருக்கும் பிள்ளை இவர்களையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். பரு மனதைப் பிடித்து அமுக்கும். "இதெல்லாம் ஒரு வியாதியா" என்று சிரித்துவிட்டால் அவர்கள் மறுபடி யாரிடமும் கேட்க மாட்டார்கள்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு களிம்பைப் பூசிக்கொண்டிருப்பவர்கள் உங்களிடம்தான் அடுத்த ட்யூபுக்கு வருவார்கள். கடிந்துகொள்ள வேண்டாம். எத்தனை மாதமாகப் பூசுகிறாய் என்று கேளுங்கள். நிறுத்தினால் சில வாரங்கள் எரியும், சிவக்கும், பரு திரும்பும், அது தோல் தேறும் வழியில் வருவது, மருத்துவர் பக்கத்தில் இருந்தால் தாங்கிவிடலாம் என்று தைரியம் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நான் மேலே சொன்ன பிள்ளைக்குத் தோல் மருத்துவர் அப்படித்தான் வழிகாட்டினார். பல மாதம் ஆனது. எரிச்சல் நின்றது. கன்னத்தில் சில இடங்களில் அந்தச் சிவப்பு இழைகள் இன்னும் இருக்கின்றன.

ஒரு கடை மட்டும் மறுத்தால் அடுத்த கடைக்குப் போவார்கள் என்ற கவலைக்கு ஒரே விடை, எல்லாக் கடையும் மறுப்பது. திரேஸ்புரத்திலிருந்து காயல்பட்டினம், மணப்பாடு வரை எந்தக் கடையில் கேட்டாலும் ஒரே பதில் வர வேண்டும். உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுங்கள். "முகத்துக்கு ஸ்டீராய்டு களிம்பு மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது" என்று தமிழில் பெரிதாக எழுதி, கடை முன்னால் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுங்கள். அந்தக் களிம்புகள் இருக்கும் தட்டை ஆள் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். வேலைக்குப் புதிதாக வரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். உங்கள் பகுதிப் பள்ளியில் கூப்பிட்டால் ஒரு பீரியட் வந்து பிள்ளைகளிடம் பேசுங்கள். நான் வகுப்பைத் திறந்து வைத்திருக்கிறேன்.

இந்த ஊர் உங்களை நம்புகிறது. நடுராத்திரி காய்ச்சலுக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய குடும்பங்கள் இங்கே ஏராளம். அதே நம்பிக்கையில்தான் அந்தப் பிள்ளையும் பத்து இருபது ரூபாய் நோட்டுகளைச் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கிறது. அடுத்த தடவை "பருவுக்கு ஏதாச்சும் குடுங்க" என்று கேட்டால் ட்யூபை எடுப்பதற்கு முன்னால், "எத்தனை நாளா இருக்கு, இதுவரைக்கும் என்ன பூசினே?" என்று கேளுங்கள். ஸ்டீராய்டு களிம்பை மட்டும், சீட்டில்லாமல், யாருக்கும், எந்த அவசரத்துக்கும் கொடுக்காதீர்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்கள் ஊர் ஆசிரியை ஒருத்தி,
தூத்துக்குடி